இன்னொரு மோரிஸ் மைனரா?

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். பல வருடமாகக் கொட்டகையில் நிற்கும் மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று அவரிடம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். "நீதான் ஏற்கனவே ஒன்றைப் புதுப்பித்து முடித்தவன் ஆயிற்றே!" என்றார். ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த ஒரு நாள் மூன்று வாரமாக நீண்டுவிட்டது.

முதல் காரைச் செய்து முடிக்க எனக்கு மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆனது. 1959ஆம் வருடத்து மோரிஸ் மைனர் 1000, 948 சிசி என்ஜின். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். மொத்தம் 1,140 மணி நேரம். அதில் 460 மணி நேரம் துருவோடு போராடியது. இன்னொரு தடவை இதில் இறங்கலாமா என்ற கேள்விக்குப் பதில் தேட, அந்த நோட்டைத்தான் முதலில் எடுத்துப் புரட்டினேன்.

அந்தக் காரை வாங்கியபோது புது பேட்டரி போட்டதும் என்ஜின் ஓடிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வாங்கினேன். அது தப்பு. மைனருக்குத் தனியாக சேசிஸ், அதாவது எடை தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் முழு எடையையும் தாங்குகிறது. என்ஜின் எப்படி இருந்தாலும் சரிசெய்யலாம். ஆனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் சட்டத்தின் இரண்டு முனைகள், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இடம், இவையெல்லாம் அரித்துப் போயிருந்தால் அந்தக் காரே இல்லை என்றுதான் அர்த்தம். என் காரில் இந்த மூன்றுமே போயிருந்தன. மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். தரை விரிப்பைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

வெல்டிங் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "தம்பி, ஓட்டையப் பாக்காத. அதச் சுத்தி நல்ல தகடு எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு. அங்கதான் வெட்டணும்." கைப்பிடி அளவு ஓட்டைக்கு ஒரு முழம் தகட்டை வெட்டி எடுக்க மனம் வராது. ஆனால் துருவின் மேல் வைத்த வெல்டிங் நிற்காது. நெருப்புப் பட்டதும் தகடு உதிர்ந்து ஓட்டை இன்னும் பெரிதாகும். இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு வெட்டக் கை வந்தது.

அதே அண்ணன் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதை நான் கேட்கவில்லை. கீழ்ப் பெட்டித் தகட்டை வெட்டுவதற்கு முன்னால், கதவு இருக்கும் வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வைத்து வெல்டிங் செய்து, பாடி தொய்யாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம்தானே, தாங்கும் என்று நினைத்து வெட்டிவிட்டேன். புதுத் தகட்டைப் பொருத்தி, வெல்டிங்கை முடித்து, தேய்த்து மெருகேற்றி, கடைசியில் கதவை மாட்டினேன். மூடவில்லை. கீழே இடைவெளி சரியாக இருக்கிறது, மேலே மூன்று மில்லிமீட்டர் இடிக்கிறது. கீலைத் தளர்த்தி, தகடு வைத்து, மறுபடி இறுக்கி என்னென்னவோ செய்து பார்த்தேன். கார் நடுவில் லேசாகத் தொய்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஒரு மாத வேலையை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, குழாய் வைத்து, ஜாக்கில் அரை அரைச் சுற்றாகத் தூக்கி, கதவை மாட்டிய நிலையிலேயே மறுபடி வெல்டிங் செய்தோம். இந்த வேலையில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கதவை மாட்டி வைத்துக்கொண்டே வெல்டிங் செய்யுங்கள். கதவின் இடைவெளியைவிட நம்பகமான அளவுகோல் வேறில்லை.

என்ஜின் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு சுகமான வேலை அது. ஏ-சீரிஸ் என்ற இந்த என்ஜின் குடும்பம் மினி காரில் 2000 வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அதனால் ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றைக்கும் கிடைக்கின்றன. ஈயம் இல்லாத பெட்ரோலுக்குத் தாங்கும்படி ஹெட்டில் கடினமான வால்வ் சீட்டுகளைப் போட்டுக்கொண்டோம். வால்வ் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. எழுபது மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பகுதி, அப்படி இல்லை. ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைச் சட்டத்துக்குள் அதை வைத்திருக்கிறார்கள். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவப் போனால் முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார், ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி, குறுக்கே நிற்கிறது. ஒரு சிலிண்டரைக் கழற்ற சஸ்பென்ஷனையே தளர்த்த வேண்டியதாயிற்று. திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கமாகப் போட்டேன். அடுத்த முறை கழற்றுகிறவருக்கு அந்தக் கஷ்டம் இருக்காது.

வயரிங்கைப் பார்த்துத்தான் ஆரம்பத்தில் அதிகம் பயந்தேன். பழகிய பிறகு அதுதான் மிகவும் பிடித்துப்போனது. அந்தக் காலத்து வயர்களின் நிறம் ஒரு மொழி மாதிரி. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, அதிலிருந்து ஃப்யூஸ் தாண்டிப் போவது. கறுப்பு எர்த். இது தெரிந்துவிட்டால் எந்த மூலையில் ஒரு வயர் தொங்கினாலும் அதன் வேலை புரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைகிறது. பழக்கத்தில் மாற்றி இணைத்துவிடுவோம் என்று பேட்டரி மேலேயே எழுதி ஒட்டி வைத்தேன்.

கழற்றிய போல்ட்டு நட்டுகளைப் பையில் போட்டு, பெயர் எழுதி வைத்தது என் மகள். தொடங்கும்போது அவளுக்கு ஒன்பது வயது. 'இடது கதவு, மேல் கீல், 3 போல்ட்டு' என்று ஒவ்வொரு பையிலும் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருப்பாள். மூன்று வருடம் கழித்து அந்தப் பைகளைத் திறந்தபோது அவளுடைய கையெழுத்தே மாறியிருந்தது.

பானெட்டைத் தேய்த்த நாட்களையும் சொல்ல வேண்டும். அதன் நடுவில் நீளவாட்டில் ஒரு பட்டை சற்றே மேடாக ஓடுகிறது. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் அது வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால், அகலம் போதவில்லை என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் நகர்த்தி வைத்துப் பார்த்தார். அதுதான் சரியான அளவு என்று பட்டிருக்கிறது. அந்த நான்கு அங்குலம்தான் பானெட்டில் பட்டையாக நிற்கிறது. உப்புத்தாளோடு உள்ளங்கை அதன் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம், முடிந்துபோன ஒன்றை வெட்டித் திருத்த ஒரு மனிதருக்கு இருந்த துணிச்சலை நினைத்துக்கொள்வேன். பிரைமர் அடித்த பிறகு வேறு வேலையில் நான்கு மாதம் அப்படியே விட்டுவிட்டேன். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அடியில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்துவிட்டது. மறுபடி தகடு வரைக்கும் தேய்த்தோம்.

முதல் முறை சாவியைத் திருப்பிய மாலை. என்ஜின் அறையின் பின்சுவரில் எஸ்யூ பெட்ரோல் பம்ப் இருக்கிறது, கரண்டில் ஓடுவது. 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடிக்க ஆரம்பித்தது. கார்புரேட்டரின் தொட்டி நிறைய நிறைய வேகம் குறைந்து, டிக்... டிக்... என்று இழுத்து, நின்றது. நின்றால் எங்கேயும் ஒழுக்கு இல்லை என்று அர்த்தம். அந்த அமைதியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ஜின் ஓடியதைவிட அந்த டிக் சத்தம் நின்ற நொடிதான் இன்றும் என் மனதில் இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததை எதிர்பார்க்கவில்லை. காரை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது. மேகம் கறுத்தால் எடுக்க மாட்டேன். முன்னால் லாரி போனால் கல் தெறிக்குமோ என்று ஒதுங்கி நிற்பேன். முதல் வருடத்தில் பதினோரு தடவைதான் ஓட்டினேன். நின்றே இருந்ததில் பின் சக்கரத்து பிரேக் சிலிண்டர் ஒன்று துருவேறி இறுகிக்கொண்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அத்தனை உழைப்பும் ஒரு பொருளைப் போர்வைக்குள் மூடி வைப்பதற்காகவா என்று அன்றைக்கு மனசு கனத்துவிட்டது. அதிலிருந்து வாரம் ஒரு தடவையாவது ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு போல்ட்டு தளரும், இறுக்குவேன். ஒரு ரப்பர் குழாய் கசியும், மாற்றுவேன். மூன்று வருடம் கொடுக்காத நிறைவை அந்த ஆறு மாதம் கொடுத்தது.

பணக் கணக்கை ஒளிக்கப் போவதில்லை. நான் செலவழித்ததில், யாரோ நன்றாகச் செய்து முடித்த மைனர் இரண்டு வாங்கியிருக்கலாம். லாபத்துக்காக இறங்குகிறவர்கள் தயவுசெய்து இறங்காதீர்கள்.

இந்த இரண்டாவது காரைப் பார்க்கப் போனபோது டார்ச், ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய காந்தம், இவ்வளவுதான் எடுத்துப் போனேன். என்ஜினை நான் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே படுத்தேன். ஸ்பிரிங் பிடிக்கும் இடம், குறுக்குச் சட்டத்தின் முனைகள், கதவின் அடி, எல்லா இடத்திலும் ஸ்க்ரூ டிரைவர் 'ணங்' என்றது. காந்தம் இரும்பில்தான் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. அது எங்கேயும் வழுக்கவில்லை, பட்டி இல்லை. பெயிண்ட் மங்கி, சீட் கிழிந்து கிடக்கிறது. என்ஜின் இறுகிப் போய் நிற்கிறது. போன தடவைக்கு நேர்மாறு.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது பதினைந்து. "அப்பா, இந்தத் தடவை ஓட்டிக்கிட்டே செய்யலாமா?" என்று கேட்டாள். மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான்.

சரி என்று சொல்லிவிட்டேன். இந்தக் காரை முழுதாகப் பிரிக்கப் போவதில்லை. முதலில் பிரேக் முழுவதும். அப்புறம் முன் சக்கரத்தைத் தாங்கும், மரையில் திரும்பும் இணைப்புகளான ட்ரனியன்கள். அந்த மரை தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து பாடிக்கு அடியில் போய்விடும், கிரீஸ் அடிக்காமல் விட்ட மைனர்களுக்கு நேர்வது அதுதான். பிறகு டயரும் வயரிங்கும். ஓட ஆரம்பித்த பிறகுதான் மற்றது. மங்கிய பெயிண்டைத் தொடப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் மெல்லிய எண்ணெய் ஊற்றி ஊற வைத்தோம். சக்கரம் உருண்டு இறுகிய என்ஜினைத் திருப்பட்டும் என்று தினமும் மாலை டாப் கியரில் போட்டு, மகள் பின்னாலிருந்தும் நான் முன்னாலிருந்தும் காரை மெல்ல அசைக்கிறோம். மூன்று நாளும் அசையவில்லை. நேற்று நான்காவது நாள், ஃபேனின் ஒரு இறக்கை விரற்கடை அகலம் நகர்ந்தது. அவள் புதுப் பை ஒன்றை எடுத்து, 'பிளக், 4' என்று எழுதினாள்.