இன்சுலின் மடிந்து வடிவம் பெறும் இடம்
செல்லுக்குள் இருக்கும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலையை "புரதம் கடத்தும் பாதை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பெரிய அநியாயம். அது முதலில் ஒரு மடிப்புக்கூடம், அதாவது புரதச் சங்கிலி மடிந்து சரியான வடிவம் பெறும் இடம்; கூடவே தரம் பார்க்கும் இடம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லைப் பாருங்கள்.

இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலச் சங்கிலியாக வருகிறது. முன்னால் உள்ள 24 அமிலங்கள் முகவரிச் சீட்டு மாதிரி. வலைக்குள் நுழைந்ததும் அது வெட்டப்படும். மீதி 86, புரோஇன்சுலின். அதிலுள்ள 6 சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) சரியான ஜோடி சேர்ந்து 3 டைசல்பைடு பிணைப்புகள், அதாவது கந்தகத்தோடு கந்தகம் சேரும் பிணைப்புகள், உருவாக வேண்டும். செல்லின் திரவப் பகுதியில் இது நடக்காது. வலைக்குள் இருக்கும் ஆக்சிஜனேற்றச் சூழல் அவசியம். சி-பெப்டைடு என்ற நடுத்துண்டு வெட்டப்படுவது பிறகு, சுரப்புத் துகள்களில்.

96ஆவது இடத்து சிஸ்டீன், டைரோசின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறினால்? ஒரு பிணைப்பு போச்சு. அதன் ஜோடி சிஸ்டீன் தனியாகத் தொங்கும். கொடுமை என்னவென்றால், கெட்டது நல்ல புரோஇன்சுலினையும் பிடித்து முடக்கிவிடும். அதனால்தான் இரண்டு ஜீன் பிரதிகளில் ஒன்று கெட்டாலே குழந்தைக்குச் சர்க்கரை நோய் வருகிறது.

சரியாக மடிப்பு விழாத புரதம் வலைக்குள் குவிந்தால் பெர்க், ஐஆர்இ1, ஏடிஎஃப்6 என்ற மூன்று உணரிகள் விழிக்கும். பெர்க் புதுப் புரத உற்பத்தியைக் குறைக்கும். மற்ற இரண்டும் மடிப்புக்கு உதவும் புரதங்களைக் கூட்டும். நெருக்கடி நீடித்தால் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். பெர்க்கே பிறவியில் வேலை செய்யாவிட்டாலும் பச்சிளம் வயதில் சர்க்கரை நோய்தான்: வால்காட்-ரேலிசன் நோய்க்குறி.