முன் பெஞ்சு அம்மா

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு இருபது பேர் வந்தால் அதிகம். பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பெரிய ஆலயம் என்பதால் ஆளுக்கொரு பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். முடிந்ததும் வாசலில் போதகருக்குக் கை கொடுத்துவிட்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

வடக்கு ஜெர்மனியில் ஒரு சிற்றூர் முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், பொறையாரில். அங்கே ஆராதனை முடிந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, யார் வீட்டுக்குப் போதகர் ஐயர் ஜெபிக்கப் போகிறார், யார் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் ஆலய வாசலிலேயே தெரிந்துவிடும். இங்கே வந்த புதிதில் இந்த அமைதி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. போன வருஷம் அப்பா தவறிய பிறகு அதைத் தாங்க முடியவில்லை. அடக்கத்துக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை, போனில்தான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன், கை கொடுத்தேன், வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடம் சொல்ல?

இந்த நிலையில்தான் 2025 ஏப்ரல் 30 முதல் மே 4 வரை ஹனோவரில் நடந்த கிர்ஷென்டாக் என்ற பெரிய கிறிஸ்தவக் கூடுகைக்குப் போனேன். எங்கள் வட்டாரத்துச் சபைகளிலிருந்து ஒரு குழுவாக ரயிலில் கிளம்பினார்கள். பெயர் கொடுத்தேன், லீவும் கிடைத்தது.

நம் ஊர் கன்வென்ஷன் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை யோசிக்க முடியாது. ஒரு பந்தல், ஒரு மேடை, ஒரு பிரசங்கியார் என்று இருக்காது. ஊர் முழுக்க ஐந்து நாளில் சுமார் 1500 நிகழ்ச்சிகள். காலையில் வேதபாடம். அப்புறம் போர், அகதிகள், பருவநிலை, முதுமை என்று பல விஷயங்களில் விவாதம். நடுநடுவே பாட்டு, நாடகம், ஜெபம். இதை நடத்துவது பிஷப்மார்கள் இல்லை, சபை மக்கள்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹிட்லர் காலத்தில் ஜெர்மன் திருச்சபைகளில் பெரும்பகுதி வாய் திறக்கவில்லை, பலர் அவனுக்குத் துணையும் போனார்கள். அப்போது எதிர்த்து நின்ற விசுவாசிகளில் ஒருவரான ரைனோல்ட் ஃபான் தாடன், போருக்குப் பிறகு 1949-இல் இதே ஹனோவரில் இதை ஆரம்பித்தார். சாதாரண விசுவாசிகள் கூடி, பேசி, நாட்டு நடப்புக்குத் தாங்களும் பொறுப்பு என்று உணர வேண்டும் என்பதே எண்ணம். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊரில் நடக்கிறது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு அட்டை முக்காலி. தட்டையாக மடித்துக் கொடுப்பார்கள். பிரித்து, மடிப்புகளை உள்ளே செருகினால் பெரிய ஆள்கூட உட்காரலாம். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அரங்கு நிரம்பிவிட்டால் சாரணர் பிள்ளைகள் ஒரு அறிவிப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிடுவார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே புல்லில் முக்காலியைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் அப்படித் தாமாக என்னிடம் பேச்சுக் கொடுத்தது ஜெர்மனியில் அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகரத்துச் சபைகள் பலவற்றில் திருவிருந்து. பீடத்தண்டை போய் முழங்கால்படியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்புகிற திருவிருந்து இல்லை. நீள மேஜைகள் போட்டு, ரொட்டி, பாலாடைக்கட்டி, திராட்சைப்பழம், வெள்ளரிக்காய் எல்லாம் பரப்பி வைத்து, சாப்பாடும் திருவிருந்தும் ஒன்றாகவே நடக்கும். எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் ஆலயத்தில் எனக்கு நேர் முன் பெஞ்சில் உட்காருகிறவர். வருஷக்கணக்காக அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு பாடியிருக்கிறேன். தலையசைப்பதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை.

ஜெபத்தின் நடுவில், நினைக்க விரும்புகிறவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லலாம் என்றார் போதகர். மேஜையின் அந்தக் கோடியிலிருந்து பெயர்கள் வர ஆரம்பித்தன. என் முறை வந்ததும் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அந்த முழுத் தமிழ்ப் பெயர் அந்த அறையில் கேட்டபோது என் குரல் உடைந்துவிட்டது. அடுத்து அந்த அம்மா தன் கணவர் பெயரைச் சொன்னார். ஜெபம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "உங்கள் அப்பா எப்போது?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போது நீங்கள் ஆலயத்துக்கு வந்துகொண்டுதானே இருந்தீர்கள்? எனக்குத் தெரியவே இல்லையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் இறந்ததும் எனக்குத் தெரியாது. முன்பு அந்தப் பெஞ்சில் இரண்டு பேராக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நான் அந்தச் சபைக்குப் போவதற்கு முன்பே அவர் தனியாகிவிட்டார்.

எதிரே லைப்சிக்கிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். 1954-இல் கிர்ஷென்டாக் அவர் ஊரில் நடந்தபோது அவருக்குப் பத்து வயசு. நாடு இரண்டாகக் கிடந்த காலம். கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு அனுமதி கொடுத்திருந்தது. கடைசி நாள் கூட்டத்துக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் ஜனம். அந்த வருஷத்துக் கிர்ஷென்டாக்கின் வேதவசனம் ரோமர் 12:12, "நம்பிக்கையிலே சந்தோஷமாயிருங்கள்." மேற்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் இவர்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் படுத்துத் தூங்கியதாம். 1961-இல் பெர்லின் சுவர் எழும்பியது. கிழக்கிலிருப்பவர்கள் இனி மேற்கே போக முடியாது என்றானது. ஆனால் அந்தக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துமஸ்தோறும் கடிதம் வந்துகொண்டே இருந்தது. சுவர் விழுந்த பிறகுதான் நேரில் பார்த்துக்கொண்டார்கள். 1997-இல் கிர்ஷென்டாக் மறுபடி லைப்சிக்குக்கு வந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வந்து இவர் வீட்டில் தங்கினார்களாம். சொல்லும்போது அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஜெர்மனியின் சுவிசேஷ (புராட்டஸ்டன்ட்) திருச்சபைகளில் 2024 முடிவில் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் இருந்தார்கள். வருஷா வருஷம் லட்சக்கணக்கில் குறைகிறது. சாவு ஒரு பக்கம், அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு விலகுவது இன்னொரு பக்கம். அந்த ஐந்து நாளில் ஆலயங்கள் மறுபடி நிரம்பும் என்று நான் கேட்ட யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது. அந்தப் பெரியவர் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடிதம் நிற்கவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஞாயிறு கடைசி ஆராதனையில் ஏராளமான பேர் பித்தளை வாத்தியங்கள் வாசித்தார்கள். அதில் ஒரு ராகம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஊழியம் செய்த பெப்ரீஷியஸ் ஐயர் எத்தனையோ ஜெர்மன் பாட்டுகளைத் தமிழில் ஆக்கிவைத்தார். அப்பா அவற்றையெல்லாம் மனப்பாடமாகப் பாடுவார். நான் தமிழிலேயே பாடினேன். முன் பெஞ்சு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் கிட்டே நகர்ந்து நின்றார்.

ஊர் திரும்பியதும் நாங்கள் இரண்டு பேரும் போதகரிடம் போய்ப் பேசினோம். இப்போது ஆராதனை முடிந்த பிறகு ஆலயத்தின் பின்பக்கம் ஒரு மேஜை போட்டுக் காப்பி வைக்கிறோம். அவர் கேக் கொண்டுவருவார், நான் சில வாரம் சுண்டல் கொண்டுபோவேன். எல்லாரும் நிற்பதில்லை. நிற்கிறவர்களின் பெயர் எல்லாம் இப்போது எனக்குத் தெரியும், யாருக்கு முட்டி ஆபரேஷன் என்பதும் தெரியும்.

அடுத்த கிர்ஷென்டாக் 2027 மே மாதம் டுசல்டோர்ஃபில். ஜெர்மனியில் இருக்கும் நம் சபையார் யாராவது வருவதாக இருந்தால் எழுதுங்கள். பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கலாம், முடியாதவர்களுக்கு ஊர்க்காரர்கள் வீட்டிலேயே இடம் கொடுப்பார்கள். நானும் அந்த அம்மாவும் போகிறோம்.