நாலரை கட்டை

நவம்பர் 3
குரல்நாண்ல ஆபரேஷன் ஆனதுலேர்ந்து பேசக்கூடாது, இன்னிக்கும் வாயே திறக்கல. ஸ்லேட்ல "காபி வேண்டாம்"னு எழுதி காட்டினேன், அத்தை கண்ணாடி தேடி எடுத்துட்டு வரதுக்குள்ள டிகாக்‌ஷன் இறங்கிடுச்சு.

நவம்பர் 4
கிசுகிசுன்னு பேசலாமேன்னு வரவங்க எல்லாரும் சொல்றாங்க. கூடவே கூடாதுன்னுட்டார் டாக்டர், அதுக்கும் தொண்டை இறுகுமாம். செருமறது அதைவிட மோசம், ரெண்டு நாணும் ஒண்ணோட ஒண்ணு அறையும், தையலே போடாத புண்ணு அது. செருமல் வரும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணி. பகல்ல சரி, ராத்திரி தூக்கத்துல செருமிட்டேன்னா?

நவம்பர் 5
வெட்டி எடுத்த சதையோட பயாப்சி ரிப்போர்ட் வரல.

நவம்பர் 6
அதிமதுரம், சித்தரத்தை, மிளகு கல்கண்டுன்னு ஆளாளுக்கு கொண்டு வந்து குடுக்கறாங்க, அன்புதான், ஆனா முழுங்கறது எதுவும் குரல்நாண் மேல படாது, அது மூச்சுக்குழாய் வாசல்ல இருக்கு, பட்டா புரை ஏறிடும். நேரா போய் சேர்றது ஆவி மட்டும்தான். குடிக்கற தண்ணியும் ரத்தம் வழியா சுத்தித்தான் வரணும். இதையெல்லாம் ஸ்லேட்ல எழுதவா முடியும். கஷாயத்தை குடிச்சிட்டேன்.

நவம்பர் 8
ராத்திரி செருமினேனான்னு இவர்கிட்ட எழுதி கேட்டேன், இல்லங்கறார். தூங்கிட்டவருக்கு என்ன தெரியும்.
சாயங்காலம் க்ளாஸ் பொண்ணு கல்யாணி வர்ணம் பாடிக் காட்டினா. மத்யமம் இறங்கி இறங்கி நிக்குது. கையை மேல தூக்கி தூக்கி காட்டறேன், புரியல அவளுக்கு. ஒரே ஒரு ஸ்வரம் பாடினா போதும்.

நவம்பர் 10
சாதாரண சதை வளர்ச்சி, பாலிப்தானாம். வேற ஒண்ணும் இல்லயாம்!!

நவம்பர் 11
ஸ்ட்ரோப், அந்த மினுக்கற லைட் கேமரா, வச்சு பாத்தாங்க. ஸ்க்ரீன்ல என் தொண்டை. வலது நாண் வெள்ளையா பளபளன்னு இருக்கு, இடது ஓரம் இன்னும் சிவப்பு, நாண் அதிர்ற அலை அந்த இடத்துல கொஞ்சம் தயங்குது. நான் பாடற சுருதி அஞ்சு கட்டை, அதுல நடு ஷட்ஜத்துக்கே, அதான் 'ஸ'வுக்கே, செகண்டுக்கு 196 தடவை அடிக்கணும், மேல் ஷட்ஜத்துக்கு 392. அந்த சிவப்பு ஓரம் தாங்குமா? வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு.

நவம்பர் 13
டம்ளர் தண்ணில ஸ்ட்ரா போட்டு "ஊ". குமிழி வந்துது, குரலும் வந்துது. காத்து கலந்த குரல். ஆனா என் குரல்.

நவம்பர் 14
ராத்திரி செருமினேன். முழிப்பு வந்துடுச்சு.

நவம்பர் 17
சபாலேர்ந்து போன், டிசம்பர் 22 மத்தியானம் உறுதியான்னு. சுருதி இறக்கினா குரல் போச்சும்பாங்க. சொல்லட்டும். பாடகர் செம்மங்குடி சுகமான குரலாலயா மேல வந்தார்? 1947-லயே சங்கீத கலாநிதி அவர். சாதகமும் ஞானமும்தான் பாடும், கட்டையா பாடும்? வலிய இழுத்து அஞ்சுல பாடி மறுபடி ஆபரேஷன் தியேட்டர் போக நான் தயாரா இல்ல.

நவம்பர் 18
மிருதங்கம் தம்பிக்கு நாலரைன்னு மெசேஜ் போட்டேன், வேற மிருதங்கம் எடுத்துட்டு வரணும்ல. ரெண்டு நீல டிக் வந்துடுச்சு. பதில் இல்ல.