பவர் கண்டிஷனருக்குள் ஒளிந்திருந்த இரண்டாவது ஷார்ட்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது "டப்" என்று ஒரு சத்தம். திரை, ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் எல்லாம் ஒன்றாக அணைந்தன. எல்லாமே ஒரு பவர் கண்டிஷனரில் மாட்டியிருந்தவை; சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வடிகட்டி, திடீர் வோல்டேஜ் எழுச்சியைத் தடுத்துக் கொடுக்கும் பெட்டி அது. போய்ப் பார்த்தால் அந்த அறையின் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) மட்டும் விழுந்திருந்தது; எர்த் பக்கம் மின்சாரம் கசிந்தால் விழும் ஆர்சிசிபி அப்படியே நின்றது. பல வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான்கள், அதனால் வயிறு கலங்கிவிட்டது. எம்சிபியைத் தூக்கிவிட்டேன், விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறையும் செய்தேன். அது தப்பு. ஷார்ட் ஆகியிருக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயலாம். உள்ளே நான் பிற்பாடு பார்த்த கரியில் பாதி அந்த மூன்று முறையில் வந்ததாகத்தான் இருக்கும்.

முதலில் சந்தேகப்பட்டது ஆம்ப்ளிஃபயரைத்தான். பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயர், ஆன் செய்யும் நொடியில் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 'பி' வகை எம்சிபி தன் மேல் எழுதிய ஆம்பியரின் 3 முதல் 5 மடங்கிலேயே விழுந்துவிடும் என்பதால் சில வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. அது வேறு கதை.

கண்டிஷனரை நான் சந்தேகிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் பின்பக்கம் 10 ஆம்பியர் ரீசெட் பட்டன் இருக்கிறது. உள்ளே கோளாறு என்றால் அது வெளியே துள்ளியிருக்கும் என்று நம்பினேன். துள்ளவில்லை. அது சூட்டில் வேலை செய்யும் பிரேக்கர் என்று அப்புறம்தான் உறைத்தது: உலோகத் தகடு சூடேறி வளைய நேரம் பிடிக்கும். சுவரில் உள்ள எம்சிபியோ நேரடி ஷார்ட் என்றால் காந்தச் சுருளின் வேகத்தில் சில மில்லி செகண்டிலேயே வெட்டிவிடும். பட்டன் துள்ளாததைப் பார்த்து அந்தப் பெட்டிக்குள் கோளாறு இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

சரி, எல்லா பிளக்கையும் கண்டிஷனரிலிருந்து கழற்றினேன். அதே சுவர் சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைப் போட்டேன், எரிந்தது. எதையும் மாட்டாமல் கண்டிஷனரை மட்டும் போட்டேன், எம்சிபி விழுந்தது. குற்றவாளி அகப்பட்டாயிற்று. ஆர்சிசிபி விழாததும் இப்போது பொருந்தி வந்தது. எர்த் பக்கம் கசிந்திருந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே அது விழுந்திருக்கும். அப்படியானால் ஃபேஸும் நியூட்ரலும்தான் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பெட்டியைத் திறப்பதற்கு முன் பிளக்கைக் கையில் எடுத்து, அதன் ஃபேஸ், நியூட்ரல் பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தேன். கண்டிஷனரின் சுவிட்சை ஆஃப் செய்தால் மீட்டர் எதுவும் காட்டவில்லை. ஆன் செய்தால் 0.7 ஓம், அதாவது கிட்டத்தட்ட நேரடி ஷார்ட். எனவே கேபிள் நன்றாக இருக்கிறது, கோளாறு சுவிட்சுக்கு அப்பால். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பெட்டியில் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வடிக்க ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அந்த ரெசிஸ்டரே போயிருந்தால்? நான் பதினைந்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் முனைகளிலும் வோல்டேஜ் அளந்து, பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் விரலை வைத்தேன். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மூடியை எடுத்ததும் கருகிய வாசனை. மின்சாரம் உள்ளே வரும் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டமான வேரிஸ்டர் வெடித்து, சுற்றிலும் கரி. வேரிஸ்டர் என்பது துத்தநாக ஆக்சைடு வில்லை. சாதாரண வோல்டேஜில் கிட்டத்தட்ட எதையும் கடத்தாது; திடீரென வோல்டேஜ் எகிறினால் கடத்தத் தொடங்கி, அந்த எழுச்சியைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேயத் தேயக் கசிவு கூடும், கசிவால் சூடு, சூட்டால் இன்னும் கசிவு, கடைசியில் ஷார்ட். நம் சாதனங்களுக்காக அடி வாங்கிச் சாவதுதான் அதன் வேலை. அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அதைக் கழற்றிவிட்டு, முடிந்தது என்ற நிம்மதியோடு மீட்டரை வைத்தேன். 1.1 ஓம்! ஷார்ட் இன்னும் இருக்கிறது. வெடித்ததை மட்டும் மாற்றி, அளக்காமல் மூடியிருந்தால் புது வேரிஸ்டரோடு எம்சிபி மறுபடி விழுந்திருக்கும். எண் 0.7-இலிருந்து 1.1-க்கு ஏறியதிலேயே ஒரு குறிப்பு இருந்தது. இன்னொரு ஷார்ட் கொஞ்சம் தள்ளி, ஏதோ ஒரு காயிலை (கம்பிச் சுருளை) தாண்டி இருக்கிறது.

இதுபோன்ற ஃபில்டர் போர்டில் உள்ள சிக்கல் இதுதான். வேரிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள் எல்லாம் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இணையாக நிற்கின்றன. நடுவில் இருக்கும் சோக் காயில்களின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் குறைவு. எதை அளந்தாலும் எல்லாமே ஷார்ட் மாதிரிதான் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றாமல் போர்டைப் பாதியாகப் பிரித்தேன். நடுவிலிருந்த காயிலின் ஒரு காலை மட்டும் தூக்கினேன். நுழைவாயில் பக்கம் சுத்தமாகிவிட்டது. ஷார்ட் ஆம்ப்ளிஃபயர் சாக்கெட்டுகள் இருக்கும் பக்கம். அங்கே ஒரு பெரிய கெப்பாசிட்டரைச் சந்தேகித்து அதன் காலைத் தூக்கினேன். மீட்டர் கீழிருந்து மெல்ல ஏறி ஓப்பன் (இணைப்பே இல்லை) என்று காட்டியது, அதாவது அது நன்றாகத்தான் சார்ஜ் ஆகிறது. மிச்சம் இருந்தது வெள்ளை சிலிகான் பசைக்குள் புதைந்த ஒரு நீல வேரிஸ்டர். மேலே ஒரு கீறல் கிடையாது, நிறம்கூட மாறவில்லை. கழற்றித் தனியாக அளந்தேன், 0.6 ஓம். ஷார்ட் போர்டை விட்டு என் கைக்கு வந்துவிட்டது.

இரண்டிலும் 20டி431கே என்று எழுதியிருந்தது. 20 என்பது மில்லி மீட்டரில் விட்டம், 431 என்றால் 43-க்குப் பின் ஒரு பூஜ்யம், அதாவது கடத்தத் தொடங்கும் அளவு 430 வோல்ட். தொடர்ந்து தாங்குவது 275 வோல்ட் ஏசி. எங்கள் 230 வோல்ட் லைனை இரவில் அளந்தபோது 256 வரை போனது. இடையில் இருக்கும் இடைவெளி எனக்குப் போதவில்லை. அதனால் 300 வோல்ட் ஏசி தாங்கும் 471 வகையை எடுத்தேன். எழுச்சியை அது சற்று மேலேதான் தடுத்து நிறுத்தும், உண்மைதான். ஆனால் எப்போதோ வரும் எழுச்சிக்காகத் தினமும் இரவில் வேரிஸ்டரை விளிம்பில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. தெர்மல் ஃபியூஸ் உள்ளேயே அமைந்த வகையாக வாங்கினேன். சூடேறினால் தீப்பிடிக்கும் முன் தானே துண்டித்துக்கொள்ளும். உயிரோடு இருந்த மற்ற வேரிஸ்டர்களையும் மாற்றினேன், அவையும் அதே அடிகளை வாங்கியவைதானே.

முதல் முறை மின்சாரம் கொடுத்தது சீரிஸ் லேம்ப் வழியாக, அதாவது லைனுக்கும் கண்டிஷனருக்கும் நடுவில் ஒரு பல்பைத் தொடராக இணைத்து. 60 வாட் இழை பல்பு, எல்ஈடி இதற்கு உதவாது. ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், எம்சிபியும் விழாது. ஃபில்டரின் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் எப்போதும் 72 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த பல்பு முழுதாக எரிய 260 மில்லி ஆம்பியர் வேண்டும், அதனால் கெப்பாசிட்டர் இழுப்பது மட்டும் அதை முழுதாக எரிக்காது. சுவிட்சைப் போட்டேன். கண்டிஷனரின் சிவப்பு விளக்கு எரிந்தது, பல்பு ஒளிரவில்லை. அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் வடிந்ததைப் பார்த்துவிட்டு வேரிஸ்டர்களைத் தொட்டேன். எல்லாம் குளிர்ந்தே இருந்தன.

பிறகு நேரடி லைனில் போட்டு, முதலில் மேசை விளக்கு, அடுத்து டிவி, கடைசியாக ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். பாதியில் நின்ற அந்தப் படத்தை அன்றிரவே முடித்தோம்.