லியர் மன்னனின் 100 வீரர்கள்

உயர்தர வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ படித்தவர்களுக்கு அந்தக் கொப்பி நினைவிருக்கும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் யார் யாருக்கு என்ன கட்டளையிட்டார். வலப்பக்கம் அது நடந்ததா. பாத்திரப் பண்பு எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது எங்கள் ஆங்கில ஆசிரியரின் ஒழுங்கு. இந்த நாடகத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வழி இன்றும் எனக்குத் தெரியாது.

முதற்காட்சியில் வலப்பக்கம் பெரும்பாலும் ‘ஆம்’. வரைபடம் கேட்டால் வருகிறது. பிரான்ஸ் மன்னனை அழைத்துவரக் குளொஸ்டர் பிரபு ஓடுகிறார். மகள்மாரின் அன்பை அளந்து நாட்டைப் பிரிக்கும் அந்தக் காட்சியிலேயே லியர், அன்பைப் புகழ்ந்து பேச மறுத்த கடைசி மகள் கோர்டிலியாவை ஒதுக்கிவிட்டு, ஆட்சியையும் வருமானத்தையும் மருமக்களிடம் கொடுத்துவிட்டு, அரசன் என்ற பெயரையும் 100 வீரர்களையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். மாதம் மாறி மாறி மற்ற இரண்டு மகள்மாரிடமும் தங்குவார். வீரர்களுக்குச் சோறு போடுவது மகள்மார் பொறுப்பு. பின்னால் நடப்பது எல்லாவற்றுக்கும் விதை இதுதான்.

மன்னரைத் தடுக்க முயலும் கென்ட் பிரபு அங்கே செய்வதைத் தமிழ்க் காது சட்டென்று பிடித்துவிடும். ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தில் ‘யூ’ என்பது ஏறக்குறைய எங்கள் நீங்கள், நீர். ‘தவ்’ என்பது நீ. மரியாதையாகத் தொடங்கும் கென்ட், மன்னர் கேட்காதபோது “கிழவா, என்ன செய்யப்போகிறாய்?” என்று ஒருமைக்கு இறங்குகிறார். நாடுகடத்தப்பட்டு, வேடம் மாறி வேலைக்காரனாகத் திரும்பி வந்ததும் மறுபடி ‘நீங்கள்’. வெளிநாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரளம். ஆனால் இந்த இறக்கத்தை எடுத்துச் சொன்னால்தான் கேட்கும்.

வேலைக்காரன் ஒருவனிடமிருந்து வரும் முதல் ‘இல்லை’ மூத்த மகள் கோனரிலின் வீட்டில் விழுகிறது. லியர் கூப்பிட, அவளுடைய வேலைக்காரன் ஒஸ்வல்ட் நிற்காமல் போகிறான். பிறகு “நான் யார்?” என்று கேட்டால், “என் எசமாட்டியின் தகப்பனார்” என்கிறான். பள்ளி மேடைகளில் இவனைப் பகிடிக்காரனாக்கிவிடுவார்கள். அது தவறு. அடக்கமாகச் சொன்னால்தான் அந்தப் பதில் சுடும்.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் கணக்கு வருகிறது. கோனரில் 50 பேரைக் குறைத்துவிட்டாள். இரண்டாவது மகள் ரீகன் 25 போதும் என்கிறாள். உடனே லியர் கோனரில் பக்கம் திரும்பி, உன் 50 இவளுடைய 25இன் இரட்டிப்பு, ஆகவே உன் அன்பும் இரட்டிப்பு என்கிறார். அன்பை ஆள்கணக்கில் அளக்கும் பழக்கம் அப்போதும் அவரை விடவில்லை. 25, 10, 5 எதற்கு என்கிறாள் கோனரில்; ஒருவன்தான் எதற்கு என்கிறாள் ரீகன். சகோதரிகள் வீட்டுச் செலவு பேசுவதுபோல் தணிந்த குரலில் பேசவேண்டிய இடம் இது. லியராக நடிப்பவர் முதற்காட்சியிலேயே கத்தித் தீர்த்திருந்தால், இங்கேயும் அடுத்துவரும் புயலிலும் தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது.

நேரம் போதாதென்று பலர் வெட்டுவது மூன்றாம் அங்கத்து வேலைக்காரனை. தயவுசெய்து வெட்டாதீர்கள். குளொஸ்டரின் ஒரு கண்ணை ரீகனின் கணவன் கோர்ன்வால் பறித்ததும், பெயர்கூட இல்லாத அவன் குறுக்கே வருகிறான். “சிறுவயதிலிருந்து உங்களுக்கு ஊழியம் செய்கிறேன், நிறுத்துங்கள் என்று இப்போது சொல்வதைவிட நல்ல ஊழியம் செய்ததில்லை.” வாள் உருவும்போதும் ‘நீங்கள்’தான். “ஒரு குடியானவன் இப்படி எழுந்து நிற்பதா?” என்று ரீகன் பின்னாலிருந்து அவனைக் குத்திக் கொல்கிறாள். ஆனால் அவன் கொடுத்த காயத்தால் கோர்ன்வாலும் சாகிறான். 1608 பதிப்பில் மற்ற வேலைக்காரர் குளொஸ்டரின் முகத்துக்கு முட்டை வெள்ளைக்கருவும் ஆளிநாரும் கொண்டுவரப் போகிறார்கள். 1623 பதிப்பில் அது இல்லை. மேடைக்கு 1608இன் முடிவை எடுப்பதே என் விருப்பம்.

புயலில் உடையைக் கிழிக்கும் லியர், பொத்தானைக் கழற்று என்று கட்டளையிடுகிறார். கடைசிக் காட்சியில், கோர்டிலியாவின் உடல் பக்கத்தில் கிடக்க, “தயவுசெய்து இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள். நன்றி, ஐயா” என்கிறார். அது கட்டளை இல்லை. ஆனாலும் இடப்பக்கத்தில்தான் எழுதினோம், வலப்பக்கத்தில் ‘ஆம்’.