புளிப்பு ஆப்பிளில் தொடங்கிய வருடம்

இந்த நாட்டுக்கு வந்து மூன்றாவது மாதம். இலைகள் உதிர ஆரம்பித்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, ஒரு துணிப்பை நிறைய ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டு மரத்தில் காய்த்தது. பச்சையாக, கோணல்மாணலாக, உள்ளங்கையில் அடங்காத அளவு. ஆசையாக ஒன்றைக் கடித்தேன். பல் கூசிவிட்டது. அம்மாவிடம் போனில் சொன்னால், "அவ்வளவு புளிப்பை வச்சுக்கிட்டு என்னடி பண்ணுவ?" என்றாள். பை ஒரு வாரம் சமையலறை மூலையிலேயே கிடந்தது.

அடுத்த வாரம் வாசலில் பார்த்தபோது பெரியவர், "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். நன்றாக இருந்ததா என்று கேட்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, அது கடித்துத் தின்கிற பழமே இல்லை, சமைக்கிற பழம்.

அன்று மாலையே தோல் சீவி நறுக்கினேன். அரை கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு கரண்டி தண்ணீர். மூடி போட்டு மெல்லிய தீயில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திறந்தால் துண்டுகளைக் காணோம். நுரைத்துப் பொங்கின கூழாக நின்றது. அமிலம் அதிகமுள்ள சமையல் ஆப்பிள் சூடு பட்டால் இப்படித்தான் குழையும். இனிப்பு ஆப்பிள் துண்டாகவே நிற்கும். கொஞ்சம் வெண்ணெய், தட்டின ஏலக்காய் இரண்டு. கிண்ணத்தில் சூடாக ஊற்றி மேலே ஒரு கரண்டி கெட்டித் தயிர். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. யாரையும் தெரியாத ஊரில், வீடு வீடு மாதிரி மணத்த முதல் நாள் அது.

அதுவரை நான் கடையில் பளபளவென்று இருப்பதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். குளிர்காலத்திலும் ஸ்ட்ராபெர்ரி இருக்கும். சிவப்பாக இருக்கும், ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கும். ஸ்ட்ராபெர்ரி பறித்த பிறகு இனிப்பு ஏறுகிற பழம் இல்லை. தூரத்திலிருந்து வருவதற்காகச் சீக்கிரம் பறித்துவிட்டால் அவ்வளவுதான், வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் ருசி வராது. கோடையில் அருகிலேயே விளைந்து வரும்போது அதற்கு அடுப்பே வேண்டாம். நறுக்கி, ஒரு கரண்டி சர்க்கரை தூவி, அரை மணி நேரம் விட்டால் போதும். சர்க்கரை பழத்தின் சாற்றை வெளியே இழுத்து, அடியில் சிவப்புப் பாகு தேங்கி நிற்கும். கோடைப் பழங்களுக்கு இதற்கு மேல் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறேன்.

பேரிக்காய்தான் என் பொறுமையைச் சோதித்தது. கல் மாதிரி வாங்கி வருவேன். ஒரு நாள் தொட்டால் வயிற்றுப் பகுதி மெத்தென்று இருக்கும்; வெட்டினால் நடுவில் பழுப்பாகி அழுகியிருக்கும். பேரிக்காய் மரத்தில் பழுப்பதை விடப் பறித்த பிறகு நன்றாகப் பழுக்கும், அதுவும் உள்ளிருந்து வெளியே. அதனால் வயிற்றை அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. காம்புக்குப் பக்கத்தில் கட்டை விரலால் மெல்ல அழுத்த வேண்டும். அங்கே லேசாக இளகினால் சாப்பிடலாம். பாகில் வேகவைக்க அதற்கு ஓரிரு நாள் முந்தினதே நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ சர்க்கரை, ஒரு பட்டை, எலுமிச்சைத் தோல் இரண்டு கீற்று. பழம் மிதக்கும், மிதந்தால் மேல் பக்கம் கறுக்கும். ஒரு வட்டக் காகிதத்தை வெட்டி மேலே படுக்க வைத்துவிடுவேன். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. பழத்தை எடுத்துவிட்டுப் பாகைச் சுண்டவிட்டு மேலே ஊற்றினால், வீட்டுக்கு யார் வந்தாலும் தைரியமாக முன்னால் வைக்கலாம்.

இரண்டாவது வருடம் மகளின் பிறந்தநாளுக்கு ஜெலட்டின் கரைத்து, பச்சை கிவி வட்டங்களை அடுக்கி, ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்தேன். காலையில் அது அப்படியே தண்ணீராக ஆடியது. "அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் வைக்கலாமா?" என்று நாலு தடவை கேட்டாள். எத்தனை நேரம் வைத்தாலும் உறைந்திருக்காது. கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. ஜெலட்டின் வெறும் புரதம். பழத்தைக் கொதிக்க வைத்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், டின்னில் வரும் அன்னாசியும் அதனால்தான் சிக்கல் செய்வதில்லை. இப்போதெல்லாம் நான் ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசிதான் (அகர் அகர்) போடுகிறேன். அது புரதம் இல்லை. நன்றாகக் கொதித்துக் கரைந்தால் குளிர்சாதனப் பெட்டிகூட இல்லாமல் உறையும்.

வசந்தத்தில் ருபார்ப் வரும். செடியின் தண்டு, பழம் இல்லை, ஆனாலும் பழமாகவே சமைக்கிறார்கள். இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், விஷம். தண்டை மட்டும்தான் எடுக்க வேண்டும். அடுப்பில் கிளறினால் நார் நாராகிவிடும். சர்க்கரையும் ஆரஞ்சுத் தோலும் போட்டு மூடி, ஓவனில் 180 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் துண்டுகள் உடையாது.

அப்புறம் கிரம்பிள், அதாவது பழத்தின் மேல் வெண்ணெய் கலந்த மாவை உதிரி உதிரியாகத் தூவி ஓவனில் சுடுகிற இனிப்பு. 200 கிராம் மாவு, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை. விரல் நுனியால் மட்டும் பிசிற வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகி மாவு உருண்டையாகிவிடும். அடியில் பிளம்ஸ், ஆப்பிள், எது வேண்டுமானாலும் போடலாம். குளிர்காலத்தில் உறைந்த பெர்ரிப் பழங்களைக் கரைய விடாமல் அப்படியே கொட்டி, அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் புரட்டிவிடுவேன். ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும் சாறு கொதித்துக் குமிழ் விட வேண்டும். அதற்கு முன் எடுத்தால் பச்சை மாவு வாடை அடிக்கும்.

இந்த வருடம் பெரியவரால் ஏணி ஏற முடியவில்லை. நானும் மகளும் போய்ப் பறித்தோம். மூன்று பை. பாதியைத் துண்டுகளாக்கித் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கட்டி வைத்திருக்கிறேன். மீதியைக் கூழாகக் காய்ச்சி, ஒரு பெரிய பாத்திரத்தில் அவருக்குக் கொடுத்தனுப்பினேன், ஏலக்காய் இரண்டு கூடப் போட்டு. அவர் அப்படித்தான் கேட்கிறார்.