இவர் கால்

மே 6
டாப்ளர் ஸ்கேன் ஆயிற்று. இடது தொடையின் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஹெபாரின் ஊசி. இன்சுலின் வேண்டவே வேண்டாம் என்று மாத்திரையிலேயே காலம் தள்ளியவர், வாயைத் திறக்காமல் காட்டினார்.

மே 7
சர்க்கரை என்றால் கண், கிட்னி, காலில் புண். இவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. இன்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். சர்க்கரை ஏறியே கிடந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் பாகுப் பதத்துக்கு வந்துவிடுமாம், லேசாகச் சீண்டினாலே ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் கூடும். அதிலிருந்து வரும் நார் நெருக்கமாகப் பின்னிக்கொள்வதால் சீக்கிரம் கரையாது. கரைக்கிற வேலையைத் தடுக்க பி.ஏ.ஐ-1 என்று இன்னொரு புரதம். தொப்பை இருந்தால் அது இன்னும் அதிகமாம். இவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மே 8
ராத்திரி முழுக்க இவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால்?

மே 10
இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி 10.2. முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்றும் வேலையெல்லாம் இதில் செல்லாது. சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோடிருக்கும், அதில் ஒட்டின சர்க்கரையும் கூடவே இருக்கும். மார்ச்சில் ஆம்பூர்க் கல்யாணத்தில் தின்ற பிரியாணியும் இந்தக் கணக்கில்தான்.

மே 11
வேலூர் காந்தி ரோட்டில் அக்னி வெயில். லாட்ஜில் கரண்ட் இல்லை. பக்கத்து அறை வங்காளத்து அம்மா மீன் பொரிக்கிறார். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

மே 12
ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை ஆரம்பித்து, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் 1.4. 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது மருந்துக்கு எதிர்வேலை செய்யும். அதற்காகக் கீரையை விடவும் கூடாது, எப்போதும் ஒரே அளவாக இருக்கணும். முருங்கைக்கீரையை எப்படி அளப்பது, உருவினதையா, வதக்கினதையா? நாத்தனார் போனில் கஷாயம் என்கிறார். போனை வைத்துவிடுங்க அண்ணி என்றேன்.

மே 14
விடிகாலையில் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. குத்திப் பார்த்தால் சர்க்கரை 58. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். ரொம்பக் குறைந்தாலும் தட்டணுக்கள் உசுப்பிக்கொள்ளுமாம். ஏறினாலும் வம்பு, இறங்கினாலும் வம்பு என்றால் மனுஷன் எங்கேதான் நிற்பது?

மே 15
மூச்சு வாங்குதாங்க என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். சரி, எரிந்து விழத் தெம்பு இருக்கிறது.

மே 17
ஐ.என்.ஆர் 2.1. மறுநாளும் 2-க்குக் கீழே போகாமல் இருந்தால்தான் ஹெபாரின் ஊசியை நிறுத்துவார்களாம். நாளைக்கு மறுபடி ரத்தம்.